இரண்டு பொம்மைகளை மட்டும் கேட்டவர்

தம்பி,

வியாழக்கிழமை நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் பத்திரிகையின் மாதிரி வந்தது. “அம்மா, தப்பு எதுனா இருந்தா சொல்லு, திங்கக்கிழம அச்சுக்குப் போவுது” என்று பேசியும் அனுப்பியிருந்தாய். எழுத்துப் பிழை எதுவும் இல்லை. உன் பெயர், பானுவின் பெயர், போய்ச் சேர்ந்துவிட்ட உன் அப்பாவின் பெயர், என் பெயர், மண்டபத்துக்கு வழி எல்லாம் சரியாக இருக்கின்றன. அவற்றுக்கெல்லாம் மேலே, முதல் வரியில், ‘தலைமை’ என்று போட்டு ஒருவரின் பெயர் இருக்கிறது. மூன்று நாளாக அந்த ஒரு வரியைத்தான் விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உன்னைக் கூப்பிட்டு யார் இவர் என்று கேட்டேன். தெரியாமல் கேட்கவில்லை. அதே பெயரில் வேறு யாராவது இருக்கக் கூடாதா என்ற ஆசையில் கேட்டேன். “பானு அப்பாவுக்கு ஒறவும்மா. ரைஸ் மில்லு வச்சிருக்காரு. அவுரு கையால தாலி எடுத்துக் குடுத்தா அந்தப் பக்கத்துல நமக்கு ஒரு மரியாத” என்றாய். நான் ‘சரி’ என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அது சரியில்லை. அந்த மனிதரின் கையிலிருந்து நீ தாலி வாங்கக் கூடாது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். ஃபோனில் சொன்னால் நீ நடுவில் பேசுவாய், நான் பயந்து நிறுத்திவிடுவேன். அதனால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்புகிறேன். பானுவிடம் காட்டு. அவள் அப்பாவிடமும் காட்டு. ஒளித்து வைக்க வேண்டிய காலம் முடிந்துவிட்டது.

நிச்சயதார்த்தத்தன்று பானுவின் அப்பா என்னை வந்தவர்களிடமெல்லாம் ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று அறிமுகப்படுத்தினார். மண் பிசைகிறவள், திருவிழாவில் தெருவோரம் சாக்கு விரித்துப் பொம்மை விற்கிறவள் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நானும் திருத்தவில்லை, பட்டுப்புடவையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தேன். நமக்குப் பிடிக்காத உண்மையை யாராவது அழகான துணி போட்டு மூடினால் நாம் நன்றி சொல்கிறோம், தம்பி. அந்தக் கெட்ட பழக்கம் எனக்குப் பழையது.

பத்தொன்பது வயதில் வண்டிப்பாளையத்துக்கு மருமகளாக வந்தேன். உன் அப்பா வீட்டில் கொலுப் பொம்மைகள்தான் தொழில். தசாவதாரம், கல்யாண செட், செட்டியார் கடை என்று எல்லாம் அச்சில் அழுத்தி எடுப்பது. பத்து அவதாரத்துக்கும் ஒரே முகம், ஒரே சிரிப்பு. இரண்டு வருடத்தில் எனக்கு அலுத்துப்போனது. அப்போதுதான் கூத்துப் பொம்மை செய்யத் தொடங்கினேன். ஒரு சாண் உயரத்தில் கிரீடமும் மார்ப்பதக்கமுமாகத் துரியோதனன், துச்சாதனன், தலைவிரி கோலத்தில் துரோபதை, கோணல் குல்லாயோடு கோமாளியாக வரும் கட்டியக்காரன், திரை பிடிக்கும் இரண்டு ஆட்கள். பிறகு, வேறு யாரும் செய்யாத ஒன்றைச் செய்தேன். கூத்துப் பார்க்கிற கூட்டத்தையும் செய்தேன். குந்தியபடியே தூங்கும் கிழவர், முறுக்கு கடிக்கும் பிள்ளை, பாலூட்டிக்கொண்டே எட்டிப் பார்க்கும் பெண். சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் தரிசனத்துக்கும் தேர் ஓடும் வீதியில் நான் கடை போட்டால், வாங்காதவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுப் போனது அந்தக் கூட்டத்துக்காகத்தான்.

முகங்களை நான் மனதிலிருந்து செய்யவில்லை. படம் வரைந்துகொள்ளவும் தெரியாது. கூத்து நடக்கும் இடத்துக்கு ஈரத் துணியில் சுற்றிய களிமண் உருண்டைகளை எடுத்துப்போவேன். முந்தானைக்கு அடியில் மடியில் வைத்துக்கொண்டு, கண்ணால் ஆளைப் பார்த்தபடியே கட்டைவிரலால் முகத்தை அழுத்தி எடுப்பேன். குனிந்து மண்ணைப் பார்க்க மாட்டேன். பார்த்தால் கை பொய் சொல்லும். எலுமிச்சம்பழ அளவில் முகம் வந்துவிடும். வீட்டுக்கு வந்து உடம்பைச் செய்து அதில் பொருத்துவேன். இதுதான் என் வேலை முறை. இந்த முறையால்தான் ஒரு உயிர் போனது.

ஏழுமலையை உனக்கு ஞாபகம் இருக்கும். உன் முன்பல் ஏன் உடைந்தது என்று யோசித்தால் வந்துவிடுவான். பதினாலு வயதில் அவனுடைய சலங்கையைக் காலில் கட்டிக்கொண்டு, அவன் மாதிரியே கிறுகிறுவென்று சுற்றி, சூளைத் திட்டில் மோதிக்கொண்டு விழுந்தாயே, அந்த ஏழுமலை. சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவே ஒரு ஊரின் காலனிப் பையன். இருபத்திரண்டு வயது. ஒரு கூத்துக் குழுவில் துரோபதை வேஷம் கட்டினான். தோளில் கட்டும் புஜக்கட்டையில் கண்ணாடி உதிர்ந்தால் ஒட்டித் தரச் சொல்லி நம் பட்டறைக்கு வருவான். நான் செய்து வைத்திருக்கும் துரோபதையைக் கையில் எடுத்து, “என்னாக்கா, எம்மூக்க இவ்ளோ பெருசா வச்சிட்ட? இந்த மூக்கப் பாத்தா அஞ்சு பேருல ஒருத்தன்கூட கட்டிக்க மாட்டான்” என்பான். “உம்மூக்கு அப்டித்தாண்டா இருக்குது” என்றால், உன்னைப் பார்த்து, “மச்சான், ஒங்கம்மாவுக்குக் கண்ணு டெஸ்ட் பண்ணு மொதல்ல” என்பான். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். அவன் வருவது நின்றபோது எங்கே என்று பலமுறை கேட்டாய். வெளியூர் போய்விட்டான் என்று உன் அப்பா சொன்னார். நானும் தலையாட்டினேன்.

அந்த வருடம் அவன் ஊரிலேயே திரௌபதி அம்மன் கோயிலில் படுகளம். அவனுடைய குழுதான் ஆட்டம். தீ மிதிக்கும் நாளின் பிற்பகலில் நடப்பது அது. மண்ணால் துரியோதனனை முப்பது அடிக்கு மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். துரோபதை வேஷக்காரர் அந்த மண் உடம்பின்மேல் ஏறி, தொடையில் வைத்த குங்குமத் தண்ணீரை எடுத்துத் தலையில் பூசி, விரித்த கூந்தலை முடிவார். சபதம் தீர்ந்தது என்று ஊரே அழும். ஏழுமலை கூந்தலை முடிந்தபோது ஊர்த்தெரு ஆண்களும் பெண்களும் அவன் காலில் விழுந்தார்கள். பெரிய பெரிய ஆட்கள் எல்லாம் விழுந்தார்கள். உன் பத்திரிகையில் ‘தலைமை’ என்று இருக்கிற அந்த மில்காரர்தான் கோயிலுக்குத் தர்மகர்த்தா. அவரும் விழுந்தார். என் கண்ணால் பார்த்தேன். அரை மணி நேரம் கழித்து, அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெயால் துடைத்துவிட்டு, லுங்கியும் பனியனுமாக ஏழுமலை டீக்கடைக்கு வந்தான். உள்ளே இருந்தவர்களுக்குக் கண்ணாடி கிளாஸ். அவனுக்குப் பேப்பர் கப், வெளியே. “என்னடா இது, இப்பதான கால்ல விழுந்தானுங்க?” என்று கேட்டேன். “அது அம்மனுக்குக்கா. டீ எனக்கு” என்று சொல்லிவிட்டுக் கப்பை ஊதினான். நான் கோபப்பட்டேன். என் கையில் இருந்தது கண்ணாடி கிளாஸ். கோபத்தோடு அதைக் குடித்து முடித்தேன்.

இதற்கு முன்னால், ஆட்டத்தின்போது நடந்ததைச் சொல்ல வேண்டும். மண் உடம்பைச் சுற்றி மூங்கில் நட்டுக் கயிறு கட்டியிருந்தார்கள். ஒரு மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். பத்தொன்பது, இருபது வயது இருக்கும். எல்லோரும் துரோபதையின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குங்குமம் இருந்தது கையில்தான். அவள் மட்டும் முகத்தைப் பார்த்தாள். எல்லோரும் அழுதார்கள். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். ஏழுமலை கூந்தலை முடிந்துகொண்டே, தலையைத் திருப்பாமல், கருவிழியை மட்டும் ஓரத்துக்குக் கொண்டுபோய் அவளைப் பார்த்தான். ஒரு கணம்தான். என் மடியில் இரண்டு முகங்களும் வந்துவிட்டன.

பன்னிரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டது இது: கை பார்த்ததைச் செய்தது, எனக்கு ஒன்றும் தெரியாது. பொய். தெரியும். வீட்டுக்கு வந்து அவளுக்கு உடம்பு செய்து, மூங்கில் வைத்து, அந்த இரண்டு பொம்மைகளுக்கும் கண் எழுதும்போது எனக்கு நன்றாகவே தெரியும். அவன் கருவிழியை ஓரத்தில் வைத்து, செட்டை மேசைமேல் அடுக்கி, அவன் பார்வை நேராக அவள்மேல் போய் விழுகிறதா என்று குனிந்து குனிந்து சரிபார்த்தேன். விழுந்தது. இவ்வளவு உயிரோடு ஒன்றை நான் அதுவரை செய்ததில்லை. அவள் யார் வீட்டுப் பெண், இது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசிக்க எனக்கு ஒரு மாதம் இருந்தது. நான் யோசித்ததெல்லாம் இந்த முறை சிதம்பரத்தில் எத்தனை பேர் நின்று பார்ப்பார்கள் என்பதுதான்.

ஆனித் திருமஞ்சனத்துக்கு முதல் நாள் காலை. வெயில் ஏறவில்லை. மில்காரர் வந்தார். கூடவே அவர் மனைவி, அர்ச்சனைத் தட்டோடு. அந்த அம்மாள்தான் முதலில் குனிந்தார். “ஐய, இங்க பாருங்க, நம்ம பாப்பா மாரியே இருக்குது” என்று சிரித்தார். மில்காரர் செருப்பைக் கழற்றாமல் சாக்கின் ஓரத்தில் குந்தினார். வெகுநேரம் பார்த்தார். அந்தப் பெண் பொம்மையைப் பார்த்தார், அதன் பார்வை போகும் பக்கம் பார்த்தார், துரோபதையின் கண்ணைப் பார்த்தார். அப்படி நிதானமாக என் வேலையை அதுவரை யாரும் பார்த்ததில்லை. எனக்கு மனம் குளிர்ந்துபோனது.

“இது யாரப் பாத்து செஞ்சது?” என்றார்.

“ஒங்க ஊரு படுகளத்துலதாங்க. துரோபதை வேஷம் கட்டுச்சே, ஏழுமலை, காலனிப் புள்ள. அச்சு அசலா வந்துருக்குதுங்களா?”

“இந்தப் பொண்ணு?”

“பேரு தெரியலீங்க. மூங்கில் பக்கத்துல நின்னுச்சு. ஊரே அழுவுது, இது மட்டும் அந்தப் புள்ளயப் பாத்து சிரிக்குதுங்க. அந்தப் புள்ளயும் வேஷத்த மறந்துட்டு இதையே பாக்குது. அத அப்டியே புடிச்சுட்டேன்” என்று சொல்லிவிட்டு நான் சிரித்தேன்.

அவர் மனைவியின் முகத்தில் சிரிப்பு நின்றுபோயிருந்தது. அது எனக்குத் தெரிந்தது. ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. அவர் அந்த இரண்டு பொம்மைகளையும் கையில் எடுத்துக்கொண்டார். “இது ரெண்டும் போதும்” என்றார். முழு செட்டாகத்தான் விற்பது என்றேன். “ரெண்டும் போதும்” என்றார் மறுபடியும், குரல் உயராமல். வைக்கோல் வைத்துச் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தேன். “இதே மாதிரி வேற செஞ்சிருக்கியா?” என்று கேட்டார். “இல்லீங்க, அச்சு கெடையாது, கையால செய்யறது. இது ஒண்ணுதான்.” “செய்யாத” என்றார். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன், தம்பி. தன்னிடம் மட்டுமே இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்தேன். அன்று சாயங்காலம் உன் அப்பாவிடம் அதைப் பெருமையாகச் சொன்னேன்.

பத்தாவது நாள் ஏழுமலையின் கூத்துக் குழு வாத்தியார் பட்டறை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை. “ஏழுமலை போயிட்டான்மா. வாய்க்கால்ல கெடந்தான். குடிச்சுட்டு விழுந்துட்டான்னு எழுதிக்கிட்டாங்க. முழங்கா அளவு தண்ணி. அவன் பீடிகூடத் தொட மாட்டான், தொண்ட போயிடும்னு” என்றார். நான் கையில் இருந்த மண்ணைப் பிசைந்துகொண்டே இருந்தேன். அவர் போன பிறகுதான் அது தெரிந்தது. அந்தப் பெண்ணை, மில்காரரின் மகளை, ஒன்றரை மாதத்துக்குள் திட்டக்குடிப் பக்கம் கட்டிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

மில்காரர்தான் கொன்றார் என்று இதில் நான் எழுத மாட்டேன். நான் அதைப் பார்க்கவில்லை. அவர் கேட்டதும் நான் சொன்னதும் அவர் எடுத்துக்கொண்டு போனதும் மட்டும்தான் எனக்குத் தெரியும். ஆனால் அதை மட்டுமாவது சொல்ல வேண்டிய இடத்தில் நான் சொல்லவில்லை. அதுதான் என் குற்றம். பொம்மை செய்தது ஒரு முட்டாளின் வேலை. அதற்குப் பிறகு செய்தது அப்படியல்ல.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஏழுமலையின் அம்மா நம் வீட்டுக்கு வந்தார். அஞ்சலை என்று பெயர். கூடவே அவன் தங்கை தேன்மொழி, பன்னிரண்டாவது படிக்கிற பெண். நீ பள்ளிக்கூடம் போயிருந்தாய். அந்த அம்மாளிடம் மகனுடைய படம் என்று ஒன்றுதான் இருந்தது. ரேஷன் கார்டுக்கு எடுத்தது, தபால்தலை அளவில். “வேஷத்துல ஆயிரம் பேரு எடுத்து வச்சிருக்காங்க. எம்புள்ள மூஞ்சி எதுலயும் இல்ல. நீ பொம்ம செஞ்சியாமே. ஒரு தடவ காட்டு தாயி, பாத்துட்டுப் போயிடறேன்” என்றார். விற்றுவிட்டேன் என்றேன். தேன்மொழி கேட்டாள், “யாருக்கு வித்தீங்க?” உள்ளே உன் அப்பா பாயில் உட்கார்ந்து சாயம் கலக்கிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் குச்சி சுற்றும் சத்தம் நின்றது. நான் சொன்னேன், “ஞாபகம் இல்லம்மா. திருவிழாக் கூட்டம்.”

அந்தப் பெண் என்னையே பார்த்தாள். நான் பொய் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்தது. அவர்கள் போன பிறகு உன் அப்பா வெளியே வந்து, “நல்ல வேலை பண்ண. நமக்கு எதுக்கு அவுங்க வம்பு. புள்ள இருக்கான் நமக்கு” என்றார். ‘சரி’ என்றேன். உன் அப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவர் பயந்தவர், அதை மறைக்காதவர். நான் தைரியசாலி என்று பெயர் எடுத்தவள். போலீஸ், கோர்ட், மில்காரரின் ஆட்கள் என்று பயம் எனக்கும் இருந்தது, உண்மைதான். ஆனால் அது மட்டும் இல்லை. நம் தெருப் பையன் ஒருவன் வாய்க்காலில் கிடந்து, அவனைக் குடிகாரன் என்று எழுதியிருந்தால் நான் தலையை விரித்துக்கொண்டு ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவன் காலனிப் பையன். அதனால் மௌனம் எனக்குச் சுலபமாக இருந்தது. நான் சாதி பார்க்காதவள், அவனுக்கு என் தட்டில் சோறு போட்டவள் என்று சொல்லிக்கொண்டே அந்த மௌனத்தில் உட்கார்ந்திருந்தேன். நம்மைப் போன்ற நல்லவர்கள் இந்த ஊர்களில் நிறைய இருக்கிறோம், தம்பி. வெட்டுகிறவனுக்கு ஆள் பலம் நாம்தான்.

அதன்பிறகு நான் முகம் எடுப்பதை நிறுத்தினேன். ஒரே ஒரு அச்சு செய்து, துரியோதனனிலிருந்து முறுக்கு கடிக்கும் பிள்ளை வரை எல்லாவற்றுக்கும் அதையே அழுத்தினேன். நீ ஒன்பதாவது முடித்த விடுமுறையில் உன் கணக்கு வாத்தியாரின் முகத்தில் ஒரு கட்டியக்காரன் செய்தாயே. அந்தத் தொங்கும் கன்னமும், மூக்கில் சரியும் கண்ணாடியும் அவரேதான். எனக்குக் காட்டச் சிரித்துக்கொண்டே ஓடி வந்தாய். நான் அதைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டு, உன்னை அடித்தேன். “யார் மூஞ்சியும் செய்யக் கூடாது” என்று கத்தினேன். நீ இரண்டு நாள் பேசவில்லை. அதற்குப் பிறகு நீ மண்ணையே தொடவில்லை. தன்னைவிட நான் நன்றாகச் செய்வதில் அம்மாவுக்குப் பொறாமை என்று உன் சித்தியிடம் சொல்லியிருக்கிறாய். அது பொறாமை இல்லை. இன்று வரை மன்னிப்புக் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன்.

அச்சு வைத்தும் ஏழுமலை விடவில்லை. வேலை செய்யும்போது மனம் எங்காவது போய்விட்டால் என் கட்டைவிரல் தானாக அந்த மூக்கை எடுக்கத் தொடங்கிவிடும். அகலமான மூக்கு, அதற்குக் கீழே சிரிப்பு வருவதற்கு முன்னால் இருக்கிற உதடு. குனிந்து பார்ப்பேன், அவன் இருப்பான். நசுக்குவேன். மத்தியான வெயிலில், பக்கத்தில் ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போது, கறிக்காரர் வாசலில் கூவும்போது வந்து நிற்பான். நீ காலேஜில் சேர்ந்த அன்று வந்தான். உன் அப்பாவின் சாம்பலைத் தேவனாம்பட்டினம் கடலில் கரைத்துவிட்டு வந்து கொஞ்சம் மண்ணைத் தொட்டேன், அன்றும் வந்தான். எத்தனை முறை நசுக்கினேன் என்று எனக்கே தெரியாது. ஒவ்வொரு முறையும் என் கையால்தான்.

நான்கு வருடத்துக்கு முன் சிதம்பரம் கடையில் ஒரு பெண் வந்து நின்றாள். இரண்டு பிள்ளைகள், தடித்த தாலிச்சரடு, கண்ணுக்குக் கீழே கருமை. துரோபதை பொம்மையை எடுத்தாள். அதன் முகத்தைத் தன் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். “இதுல ஒருத்தரும் இல்லீங்களே” என்றாள், யாரிடமோ போல. வைத்துவிட்டுப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கூட்டத்தில் போய்விட்டாள். அவள்தான், அன்று மூங்கிலைப் பிடித்துக்கொண்டு நின்றவள். நான் எழுந்து பின்னால் போயிருக்கலாம். சில்லறை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டேன்.

இப்படியே செத்திருப்பேன். உன் பத்திரிகை வராவிட்டால் அப்படித்தான் போயிருப்பேன், அதையும் மறைக்க மாட்டேன். என்னை நல்லவளாக்கியது மனசாட்சி இல்லை. அந்தப் பெயர் என் பிள்ளையின் பெயருக்கு மேலே வந்ததுதான். அடுத்தவள் பிள்ளைக்குப் பன்னிரண்டு வருடம் வராத ரோஷம், என் பிள்ளை என்றதும் மூன்றே நாளில் வந்துவிட்டது. இதற்கு வெட்கப்படுகிறேன். ஆனாலும் வெட்கத்தைக் காரணம் காட்டி இன்னொரு முறை உட்கார்ந்துவிட மாட்டேன்.

நேற்று பஸ் பிடித்து அஞ்சலை வீட்டுக்குப் போனேன். தேன்மொழி இப்போது சிதம்பரத்தில் வக்கீல். அண்ணன் வழக்கைத் திரும்ப விசாரிக்கச் சொல்லி மனு மேல் மனுவாகப் போட்டுக்கொண்டிருக்கிறாள். அண்ணனுக்கும் மில்காரர் வீட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று காட்ட ஒரு ஆள்கூட வாய் திறக்கவில்லையாம். கதவைத் திறந்தவள் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டாள். “ஞாபகம் வந்துடுச்சுங்களா?” என்றாள். கிண்டல் இல்லை, கேள்விதான். வந்துவிட்டது என்றேன். உட்கார்ந்து, உனக்கு இங்கே எழுதியதையெல்லாம் அவர்கள் இருவரிடமும் சொன்னேன். தேன்மொழி எழுதிக்கொண்டாள். நடுவில் ஒரு இடத்தில் பேனா நின்றது. ‘அச்சு அசலா வந்துருக்குதுங்களா’ என்று நான் கேட்ட இடம். பிறகு தொடர்ந்து எழுதினாள்.

முடித்ததும், “இத நீங்க நீதிபதி முன்னால சொல்லணும். அந்தாளு சும்மா இருக்க மாட்டாரு. ஒங்க பையனுக்குக் கல்யாணம்னு சொல்றீங்க, அதுவும் அவுரு தலைமையில. வேணும்னா கல்யாணம் முடிஞ்சு வாங்க. இத்தன வருஷம் இருந்தாச்சு, ஒரு மாசத்துல ஒண்ணும் ஆயிடாது” என்றாள். அவளுக்கு என்மேல் இரக்கம் காட்ட என்ன தேவை இருக்கிறது, சொல். நான் வேண்டாம் என்றேன். திங்கட்கிழமை காலை பத்தரைக்குக் கோர்ட் வாசலில் வந்து நிற்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உன்னிடம் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. கல்யாணம் தள்ளிப்போகலாம். பானுவின் அப்பா பின்வாங்கலாம். பானுவை எனக்குப் பிடிக்கும், அவள் என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. அது தெரிந்துவிடுவது நல்லதுதான்.

 அஞ்சலை திட்டுவார், மண்ணை வாரித் தூற்றுவார் என்று எதிர்பார்த்தே போனேன். ஒரு வகையில் அதற்காகத்தான் போனேன். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில், “அந்தப் பொண்ணு அவனப் பாத்து நெஜமாவே சிரிச்சாளா?” என்று கேட்டார். சிரித்தாள் என்றேன். “அவன்?” அவனும் பார்த்தான், கூந்தல் முடிகிற நேரத்தில் அம்மனையே மறந்துவிட்டுப் பார்த்தான் என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார், “பன்னெண்டு வருஷமா எம்புள்ளயக் குடிகாரன்னு காயிதத்துல எழுதி வச்சிருக்காங்க. யாரு என்னா பண்ணான்னு நீ அப்பறம் சொல்லு. மொதல்ல அவன் குடிக்க மாட்டான்னு சொல்லு. ஒன் வீட்டுக்கு எத்தன தடவ வந்துருக்கான். ஒனக்குத் தெரியும்ல?”

எனக்குத் தெரியும். திங்கட்கிழமை நான் சொல்லப்போகும் முதல் வரி அதுதான். உன் பத்திரிகையின் முதல் வரி எதுவென்று நீ அச்சகம் திறப்பதற்குள் முடிவு செய்.

அம்மா